சோணையம்மாளின் வாய்க்கு எட்டிய தூரம்

சோணையம்மாள் திட்டி முதன்முதலாக உதிர்ந்தது, வருடத்தில் எட்டு மாதம் பனி பெய்யும் ஒரு நாட்டின் மத்திய வங்கித் தலைவருடைய மீசை. மதுரை கே.கே. நகரில் ஒரு ஷேர் ஆபீசில் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த டிவியில் அந்த மனிதர் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். என்ன சொல்கிறார் என்று அவள் கணக்கர் பீமாராவிடம் கேட்டாள். வட்டியை ஏற்றப்போகிறாராம், விலைவாசி இறங்க வேண்டுமானால் கொஞ்சம் பேருக்கு வேலை போகத்தான் செய்யுமாம் என்று பீமாராவ் சொன்னார். "அதுக்கு எதுக்குச் சிரிப்பு? அவன் மீசை கொட்டிப் போக" என்று சொல்லிவிட்டு அவள் வாளியை நகர்த்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அதே டிவியில் அதே மனிதர் மேலுதடு வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டுப் பணத்தின் மதிப்பு அன்று ஒன்றேகால் சதவீதம் குறைந்தது. இதற்குக் காரணம் சீனா என்று லண்டனில் ஒரு நிபுணர் சொன்னார். நியூயார்க்கில் ஒருவர் பருவமழை என்றார். மதுரையில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

அப்போது சோணையம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. செல்லூரில் பவர்லூம் கூடங்களுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொண்டவன் இரண்டாம் வருடமே திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்காக அவள் அழுததாகத் தெரியவில்லை. அவளுக்கென்று இருந்தது பன்னிரண்டு வயது இளையவனான தம்பி முத்துக்குமரன் ஒருவன்தான். தாய் போனபின் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அவள்தான். அவர்களுடைய அப்பா சோணைமுத்து வாடிப்பட்டிப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்து, இருபத்திரண்டு வருடத்தில் எழுபத்திரண்டு சென்ட் நிலம் வாங்கினார். பெரியாறு வாய்க்கால் பாயும் நல்ல நஞ்சை. அந்த வம்சத்தில் பட்டாவில் பெயர் ஏறிய முதல் ஆள் அவர். ஏறிய ஐந்தாம் வருடம் செத்துப்போனார். பட்டா முத்துக்குமரன் பெயருக்கு மாறியது. அவன் செல்லூரில் தறி மெக்கானிக்காக இருந்தான், ரோகிணி என்ற பெண்ணைக் கட்டியிருந்தான், அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள், நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருடத்துக்கு நாலு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டிருந்தான்.

அவனை ஷேர் ஆபீசுக்குக் கூட்டிப்போனது சோணையம்மாள்தான். இதை அவள் பிறகு எவரிடமும் மறைக்கவில்லை. ஆபீஸ் முதலாளி விக்ரம், பொதுப்பணித்துறை எஞ்சினியர் மகன், முப்பத்தெட்டு வயது, சித்திரை மாதத்திலும் நீலக் கோட்டுப் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு எடுத்தான். ஷேர் வாங்குவது பழைய முறை, விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் கட்டுவதுதான் புதிய முறை என்று சொல்லிக்கொடுத்தான். வகுப்புக்குச் சைக்கிளில் வந்தவர்கள் பைக்கில் வருவதையும், பைக்கில் வந்தவர்கள் காரில் வருவதையும் அவள் மண்டபத்துத் தரையைக் கூட்டும்போது பார்த்திருந்தாள். கார்கள் வாடகைக் கார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. முத்துக்குமரன் மூன்று வகுப்புக்குப் போனான். நாலாம் வகுப்பில் விக்ரம் அவன் தோளில் கைபோட்டு, "மண்ணு தூங்கிட்டே இருக்கும் தம்பி. பணம்தான் தூங்காது" என்றான். நிலம் விற்றது. பக்கத்து வயல்காரர் பேயாண்டி வாங்கினார். அவர் நியாயமான விலைதான் கொடுத்தார், அதைப்பற்றிக் குறைசொல்ல எதுவுமில்லை. அந்தப் பணம் பதினாறு நாளில் தீர்ந்தது. விக்ரம் எதை வாங்கச் சொன்னானோ முத்துக்குமரன் அதையே வாங்கினான். அதே நிமிடத்தில் அதே சரக்கை விற்றுக்கொண்டிருந்தது விக்ரம். மூவாயிரம் மாணவர்கள் ஒரே நேரத்தில் வாங்கினால் விலை ஏறும், ஏறும்போது ஆசிரியர் விற்றுவிட்டுப் போவார், பாடம் அவ்வளவுதான். ஆபீசில் இது பீமாராவுக்கு மட்டும் தெரியும். அவருக்கு இரண்டு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நிலம் போனதை அக்காவிடம் சொல்ல முடியாமல் முத்துக்குமரன் பத்து நாள் வேலைக்குப் போவதுபோல் போய் வைகை மேம்பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான். அவள் அவனை அடிக்கவில்லை. மூன்று மாதத்தில் அவன் ஒரு ஏஜெண்டைப் பிடித்துச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை உதவியாளாகச் சேர்ந்தான். தறியைத் திறக்கத் தெரிந்தவனுக்கு எஞ்சினும் கைவந்தது. "ரெண்டு வருசம் அக்கா. பேயாண்டி மாமா நெலத்தத் திருப்பிக் குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு" என்று போனில் சொன்னான். எட்டாம் மாதம், இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கடலிடுக்கில் அந்தக் கப்பல் போய்க்கொண்டிருந்தபோது வானத்திலிருந்து ஒரு குண்டு வந்து எஞ்சின் அறையில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை.

அன்று கச்சா எண்ணெய் ஆறு சதவீதம் ஏறியது. எண்ணெய் ஏறும் என்று பணம் கட்டியிருந்த விக்ரம் அல்வா வாங்கிவரச் சொன்னான். விளக்குத்தூண் பக்கத்திலிருந்து மூன்று கிலோ வந்தது. சோணையம்மாள் வாழையிலைத் துண்டுகளில் வைத்து மேசை மேசையாகக் கொடுத்தாள். டிவியில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. அவளும் ஒரு துண்டு தின்றாள். இரண்டு மணிக்கு ரோகிணி போன் செய்தாள். சோணையம்மாள் போனை வைத்துவிட்டு விக்ரமின் அறைக்குப் போய், அந்தக் கப்பலில் தன் தம்பி இருந்தான் என்று சொன்னாள். விக்ரம் எழுந்து நின்றான், "ஐயோ அக்கா" என்றான். அவன் கண் கம்ப்யூட்டர் திரையை விட்டு நகரவில்லை. "ஒரு கப்பல்தானா அக்கா? இல்ல ரெண்டாவது கப்பலும்னு ஏதாச்சும் தகவல் சொன்னாங்களா?" என்று கேட்டான். மூன்று நாள் லீவு கொடுத்தான், அதில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தான். அன்று அவள் நாக்கில் ஒட்டிய தித்திப்பு அதன்பின் போகவில்லை. வேப்பங்கொழுந்து தின்றாள், உப்பு வைத்துத் தேய்த்தாள், காரக்குழம்பே இனித்தது. வாய்க்கு அந்தச் சக்தி அப்போது வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் முதலில் சபித்தது விக்ரமைத்தான். காலையில் அவன் கோட்டைத் தூசி தட்டும்போதும், மதியம் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதும், வாடிப்பட்டிப் பக்கம் பெண்கள் வரப்புச் சண்டையில் சொல்லக்கூடிய அத்தனையையும் வாய்க்குள் சொன்னாள். அவனுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. ஆனால் பதினேழாம் நாள் மீசை உதிர்ந்தது. கப்பலைத் தாக்கியது நாங்கள்தான் என்று மூன்று கூட்டங்கள் உரிமை கொண்டாடின. அவள் மூன்று தலைவர்களையும் ஒன்றாகத் திட்டினாள், மூவருக்கும் ஒரே நாளில் முன்பல் விழுந்தது. சண்டை போட்ட இரண்டு நாட்டு அதிபர்களுக்கும் இடுப்பில் துணி நிற்காமல் போகட்டும் என்றாள். பேச்சுவார்த்தை மேசையில் இருவரும் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றார்கள், கையெழுத்துப் போடக் கை ஒழியவில்லை, சுடச்சொல்லி விரல் நீட்டவும் கை ஒழியவில்லை. நாலு நாள் சமாதானம் நிலவியது. சமாதானம் என்றதும் எண்ணெய் சரிந்தது, ஆயுதக் கம்பெனிகள் சரிந்தன, கே.கே. நகர் ஆபீசில் அன்று மதியம் யாரும் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் பெல்ட்டுக்குப் பதில் தோள்வார் போடலாம் என்று ஒரு ஆலோசகர் கண்டுபிடித்துச் சொல்ல, சண்டை மறுபடி தொடங்கியது, எல்லோரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

பீமாராவ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் மதியம் அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, எதிரில் துடைப்பத்தோடு நின்றவளிடம் சொன்னார்.

"ஒங்க வாய்க்கு ஒரு கணக்கு இருக்கு சோணையம்மா. எவன் தும்முனா ஊர் ஒலகத்துல வெல ஆடுதோ, அவன் மேலதான் அது ஏறுது."

"அப்ப இவன், ராவண்ணே?" அவள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்த விக்ரமைப் பார்த்தாள்.

"இவன் தும்முனா இவன் கைக்குட்டைதான் நனையும்."

"அப்ப இவனப் பெரிய ஆளாக்கணும்" என்றாள்.

பீமாராவ் டிபன் பாக்ஸை மறுபடி திறந்து மறுபடி மூடினார். பிறகு, முத்துக்குமரன் வாங்கிய நேரத்தில் விக்ரம் விற்றதை முதன்முறையாக அவளிடம் சொன்னார். தெரிந்தும் சும்மா இருந்துவிட்டேன் என்று சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டினாலும் அவர்மேல் ஏறாது என்று இருவருக்கும் தெரியும். "என்னால ஆனதச் செய்றேன்" என்றார் அவர்.

மறுநாள் அவள் விக்ரமுக்குக் காபி வைக்கும்போது, எண்ணெய் விற்கும் நாடுகளின் மந்திரி ஒருவரைக் குறிப்பிட்டு, அவருக்கு நாளைக்கு விக்கல் வரும், பதினொரு நாள் நிற்காது என்றாள். விக்ரம் சிரித்தான். விக்கல் வந்தது. உற்பத்தியைக் கூட்டுவோம் என்று அந்த மந்திரி சொல்லத் தொடங்கி ஒவ்வொரு முறையும் "கூட்" என்பதோடு நின்றுபோனார். அடுத்தது ஒரு சிப் கம்பெனித் தலைவருக்கு உள்ளங்காலில் அரிப்பு. அடுத்தது, கடனை ஒழுங்காகக் கட்டுமா என்று நாடுகளுக்கெல்லாம் மார்க் போடும் ஒரு கம்பெனியின் பெரியவருக்கு எண்கள் மறந்துபோவது. விக்கலுக்குப் பின் அவள் சொன்னதையெல்லாம் வைத்து விக்ரம் முந்தியே பணம் கட்டி லாபம் பார்த்தான். நாலாவது முறை விக்ரம் அவளை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டான். ஆறாண்டு வேலையில் அந்த ஆபீசில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். எப்படித் தெரிகிறது என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலிருப்பது அவன் தொழிலில் முதல் பழக்கம். அவள் சம்பளத்தில் எண்ணூறு ரூபாய் கூட்டினான்.

அப்படி மூன்று வருடம் போயிற்று. சோணையம்மாள் ஒரு உலக வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டிவைத்து, எந்த நாட்டில் எவன் என்று பீமாராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சின்னச் சனத்துக்குப் பாதகம் வராத வகையில் விக்கல், அரிப்பு, கொட்டாவி, மூக்கு நீளுதல் என்ற அளவிலேயே நிறுத்தினாள். அப்படியும் எண்ணெய் மந்திரியின் விக்கலால் பெட்ரோல் ஏறி, செல்லூர் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஐந்து ரூபாய் கூட்டினார்கள். அவள் அதற்குப்பின் கே.கே. நகருக்கு நடந்தே போனாள். விக்ரம் கே.கே. நகரிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து பம்பாய்க்கும் போனான், அடுத்தது எவனுக்கு என்ன என்று அங்கிருந்து அவளைப் போனில் கேட்டுக்கொண்டான். உலகத்தில் எவனுக்கு எப்போது என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மனிதன் என்று பத்திரிகைகள் எழுதின. ஊரார் போடும் பணத்தைத் திரட்டிச் சந்தையில் போடும் ஒரு ஃபண்டு அவன் பெயரில் வந்தது. தினமும் காலையில் டிவியில் தோன்றி உலகத்துக்குப் புத்தி சொன்னான். கே.கே. நகர் கிளையில் அவன் முகத்துக்கு நேர் கீழே சோணையம்மாள் தரை துடைத்தாள். செல்லூரில் அவனுக்கு பேனர் கட்டினார்கள்.

அந்த பேனரைப் பார்த்துத்தான் ரோகிணி பணம் போட்டாள். கப்பல் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈடு முழுவதையும் விக்ரமின் ஃபண்டில் போட்டாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவில் பதினெட்டு வீட்டார் போட்டார்கள். சோணையம்மாளுக்கு இது தெரியவந்தபோது அவள் ரோகிணியின் வீட்டு வாசலில் நின்று கத்தினாள்.

"அவன் ஒம் புருசனத் தின்னவன்டி!"

"அவுக தானா போயி கட்டுனாக, அவுக தானா கப்பல் ஏறுனாக, மதினி" என்று ரோகிணி நிதானமாகச் சொன்னாள். "எனக்குப் புள்ள படிக்கணும். நம்மூர்க்காரரு, நூத்துக்கு வருசம் இருவது ரூவா ஏறுதுன்னு ஊரே சொல்லுது. நீங்கதான அவருட்ட வேல பாக்குறீக?"

சோணையம்மாள் வாசலை விட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு விக்ரம் டிவியில் பேசிக்கொண்டிருக்கும்போது தும்மினான். ஒரே தும்மல். அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தை நாற்பது புள்ளி இறங்கி, அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்ததும் நாற்பத்திரண்டு புள்ளி ஏறியது. பீமாராவ் எழுந்து வந்து, மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தவளிடம் "ஆடிருச்சு சோணையம்மா" என்றார். அவள் எழுந்தாள். மூன்று வருடமாக வாயில் தயாராக வைத்திருந்தது ரத்தம் சம்பந்தப்பட்டது. பீமாராவ் கையை உயர்த்தித் தடுத்தார். "இப்ப அவன் விழுந்தா ஃபண்டு விழும். ஃபண்டு விழுந்தா ரோகிணி விழுவா. அந்தத் தெரு விழும். அவனுக்குப் பத்து நாள் ஆஸ்பத்திரி, அவுகளுக்கு ஆயுசுக்கும் கூழு." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, லீவு சொல்லாமல் வெளியே போனாள்.

பஸ் ஏறி வாடிப்பட்டிப் பக்கம் போய் இறங்கி, விற்றபின் முதன்முறையாக அந்த எழுபத்திரண்டு சென்டின் வரப்பில் போய் நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. பேயாண்டியின் வயலில் ஒன்பது பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்றார்கள். பகல் இரண்டாகியிருந்தது. ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். அவள் அப்பா அப்படித்தான் நிமிர்வார், அப்படித்தான் குனிவார். சோணையம்மாள் அங்கேயே உட்கார்ந்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக எடுத்துச் சொன்னாள். "பம்பாய்ச் சந்தை தொறந்திருக்க மட்டும் நீ அங்கன இரு. ஒருத்தருக்கும் ஒரு பைசா நட்டம் வேணாம். சந்தை மூடுன மறு நிமிசம் எந் தம்பி வித்த நெலத்துல வந்து நில்லு. மறுவாட்டி தொறக்குற மட்டும் ஒங் காலு இந்தச் சேத்துல இருக்கட்டும்."

சரியாக மூன்றரை மணிக்கு விக்ரம் வந்தான். நீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, சட்டையில் செருகிய சின்ன மைக். நீண்டகால முதலீட்டைப் பற்றிய ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தான், அதை முடித்துவிட்டுத்தான் கீழே பார்த்தான். முழங்கால்வரை சேறு. நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கினார்கள். வாய்க்கால் மடையில் நின்ற பேயாண்டி மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"ஏப்பா, யாரு நீ? நாத்த மிதிக்காத, தள்ளி நில்லு!"

விக்ரம் வரப்பில் ஏறினான். ஏறிய கால் திரும்பவும் வயலுக்குள் இருந்தது. நாலு பக்கமும் ஏறிப் பார்த்தான், நாலு பக்கமும் அப்படியே. அப்போது எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"அக்கா, என்னக்கா இது?"

"வயலு" என்றாள் சோணையம்மாள். பேயாண்டியிடம் திரும்பி, "இவன் தெனம் வருவான் மாமா. சும்மா நிக்க விடாதீக" என்று சொல்லிவிட்டு அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்தபின்தான் அவளுக்கு அழுகை வந்தது. சமயநல்லூர் தாண்டும்வரை அழுதாள்.

மறுநாள் ஒன்பதேகால் மணிக்கு விக்ரம் பம்பாயில் தன் நாற்காலியில் இருந்தான், சேறு காய்ந்த கால்சட்டையோடு. சந்தை நேரத்தில் அவன் ஒரு நிமிடமும் தவறாததால் ஃபண்டின் விலை இறங்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் மண்ணை மறக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதியதில் கொஞ்சம் ஏறவும் செய்தது. ஒரு மாதத்தில் பம்பாயின் மற்ற ஃபண்டுக்காரர்களும் முழங்காலுக்குக் கீழே சேறு பூசிக்கொண்டு டிவிக்கு வந்தார்கள், நல்ல களிமண் டப்பாவில் விற்பனைக்கு வந்தது. விக்ரம் தப்பிக்க நிறைய முயன்றான். எண்ணெய்ச் சந்தை இரவு பதினொன்றரை வரை திறந்திருக்கிறது என்று அதில் பணம் கட்டி உட்கார்ந்து பார்த்தான். பிறகு அமெரிக்கச் சந்தையில் கணக்குத் தொடங்கினான். அவள் பம்பாய்ச் சந்தை என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். மூன்று இருபத்தொன்பதுக்கு விமானத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தான், மூன்றரைக்கு இடுப்புப் பட்டையோடு நாற்று நடுவே நின்றான். சனி ஞாயிறு முழு நாளும் வயல்தான். ஹோலி என்று ஒரு பண்டிகை இருப்பது அந்த ஊருக்கு அவனால்தான் தெரிந்தது, அன்று சந்தைக்கு விடுமுறை. பொங்கலுக்குப் பம்பாயில் லீவு கிடையாது, ஆகவே பொங்கலன்று பானை பொங்கி முடிந்தபின்தான் வருவான். தீபாவளியன்று மட்டும் சுப முகூர்த்தம் பார்த்து ஒரு மணி நேரம் சந்தையைத் திறப்பார்களாம். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தான்.

முதல் மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பேயாண்டி ஒரு தார்ப்பாய் கொடுத்தார், அவர் வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சோணையம்மாள் வந்தபோது விக்ரம் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எழுந்து கும்பிட்டான்.

"என்ன வேணும்னாலும் கேளுங்கக்கா. எம்புட்டு வேணும்?"

"எந் தம்பி பேரச் சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். மூவாயிரம் மாணவர்களின் முகங்களும் அவனுக்குள் ஓடியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "கார்த்திக்" என்றான். பிறகு "கண்ணன்" என்றான். அவள் சேலையைத் தட்டிவிட்டு எழுந்துபோனாள். மறுவாரம் அவன் ஆபீசில் விசாரித்து, முத்துக்குமரன் என்று சொன்னான், அப்பா பெயர், கப்பல் பெயர், ஏறிய துறைமுகம், எல்லாம் சொன்னான். "ஒருத்தன்ட்ட கேட்டுட்டு வந்து ஒப்பிக்கிறதுக்கு நீ எதுக்கு?" என்றாள் அவள்.

தை மாதம் அவன் ஆள் வைத்துப் பேயாண்டியிடம் அந்த நிலத்தை ஒன்பது மடங்கு விலைக்கு வாங்கி, வாடிப்பட்டிப் பத்திர ஆபீசில் சோணையம்மாள் பெயருக்கு எழுதிக்கொடுத்தான். அவள் நல்ல சேலை கட்டிப்போய்க் கைரேகை வைத்துப் பத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அன்று மாலை வயலில் அவன் கேட்டான்: "அதான் நெலம் வந்துருச்சேக்கா. விட்டுருங்கக்கா." அவள் சொன்னாள்: "எழுதிக் குடுன்னு நா கேக்கல. ஒனக்கு மனசு வந்துச்சு, குடுத்த. இப்ப இது எங் காடு. எங் காட்டுல நிக்கிற. மம்பட்டிய எடு."

அவள் கே.கே. நகர் வேலையை விட்டுவிட்டு வாடிப்பட்டிப் பக்கமே குடிவந்தாள். ஓய்வு பெற்ற பீமாராவ் ஒருமுறை பஸ்ஸில் வந்து, வரப்பில் நின்று தன் பழைய முதலாளி களையெடுப்பதைக் கால் மணி நேரம் பார்த்தார். ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு போனார். நடுவது, களையெடுப்பது, உரம் தூவுவது எல்லாம் இரண்டு போகத்தில் விக்ரமுக்குப் பழகிவிட்டது. அவள் அவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. கொடுத்தால் வேலைக்காரன் ஆகிவிடுவான் என்றாள். நூறு நாள் வேலைக் கணக்கில் அவனைச் சேர்க்கலாமா என்று பஞ்சாயத்து எழுத்தர் கேட்டார், அட்டை இல்லாததால் முடியவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, எங்கள் வாய்க்கால் தண்ணீரைத் திருடுகிறவனைத் திட்டிக்கொடு என்று அவளிடம் கேட்டார்கள். அவ்வளவு சின்ன ஆள்மேல் ஏறாது என்று திருப்பியனுப்பினாள். பதினெட்டு வீட்டாரின் பணமும் வளர்ந்தது. ரோகிணியின் மகள் நர்சிங் சேர்ந்தாள்.

ஒரு மார்கழி மாதம் ரோகிணி வந்து, இரண்டு கையிலும் சேற்றுப்புண்ணோடு அவன் குனிந்திருப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போதும்ல மதினி. பாவமா இருக்கு" என்றாள். சோணையம்மாள் சாக்குப்பையை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்: "கடலுக்குள்ள கெடக்கவன் எந்திரிச்சு வரட்டும். அன்னைக்கு இவனும் எந்திரிச்சுப் போகட்டும்." ரோகிணி அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது அரிசி வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது ஐந்தாவது வருடம். விக்ரம் வந்து நிற்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோட்டுக்காரன் வந்துவிட்டான் என்றால் மாட்டைத் தண்ணீருக்கு அவிழ்க்கும் நேரம் என்று அந்தப் பக்கம் அர்த்தம். போன வியாழக்கிழமை மூன்றரைக்கு அவன் வந்தான், ஏதோ ஒரு நாடு ஏதோ ஒரு நாட்டின்மேல் போட்ட வரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான், வாக்கியத்தை நிறுத்தினான், கோட்டைக் கழற்றி வரப்பில் மடித்து வைத்தான், சொல்லாமலே நாற்றுக்கட்டை எடுத்தான். பேயாண்டி தன் வயலிலிருந்து போனைப் பார்த்துவிட்டு, வடக்கே யாரோ ஒரு பெரிய தலைவர் இறந்துபோனதால் நாளைக்குச் சந்தைக்கு விடுமுறை விட்டிருக்கிறார்களாம் என்று சத்தம் போட்டுச் சொன்னார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று விக்ரம் சேற்று விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த நாற்றை ஊன்றினான்.

சோணையம்மாள் மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு விடிய எறங்குனா மேக்குப் பாத்தியும் முடிஞ்சிரும்" என்றாள்.